ஆசை மூத்தது, அச்சம் இளையது

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியெங்கும் வானம் பார்த்த பூமி. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள், கடலைச் செடி பிடுங்குகிறவர்கள், விறகு அடுக்கைப் பிரிக்கிறவர்கள், வரப்புக் கல்லைப் புரட்டுகிறவர்கள் எல்லோருக்கும் செந்தேளைத் தெரியும். கருந்தேளோடு பார்த்தால் இது சின்ன உருவம். கருந்தேளைக் கண்டால் ஊரே கம்பை எடுக்கும். ஆனால் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்தச் சின்னதுதான். 1798இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் அதில் ‘டாமுலஸ்’ என்று தமிழையும் சேர்த்துவிட்டார். பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

செந்தேள் கொட்டினால் சிலருக்குக் கடுப்பு மட்டும் இருக்கும். உயிர் போகிற வலிதான், ஆனால் வேறு எதுவும் நடக்காது, விடிந்தால் இறங்கிவிடும். வேறு சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, கதை வேறு மாதிரிப் போகிறது. ஓரிரு வாந்தி வரும். சட்டை தெப்பமாக நனையும்படி வியர்க்கும். கைகால் சில்லிட்டுப்போகும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் எகிறும். சில மணி நேரத்தில் இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து, இருமினால் இளஞ்சிவப்பு நுரை வரும். ‘விஷம் ஏறிருச்சு’ என்பார்கள். உண்மையில் இப்போது ரத்தத்தில் ஏறியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் குழந்தையின் உடம்பே தயாரித்த அட்ரினலினும் அதன் உடன்பிறப்பான நார்-அட்ரினலினும்தான்.

தேள் விஷத்தில் உள்ள சிறு புரதங்கள் நரம்புச் சவ்விலுள்ள சோடியம் வாசல்களைத் திறந்தபடியே நிறுத்திவிடுகின்றன. அதனால் நரம்பு ஓயாமல் சைகை அனுப்புகிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ‘ஆபத்து, ஆபத்து’ என்ற அந்தப் பொய்ச் சைகையை நம்பித் தன் கிடங்கையே திறந்து கொட்டுகிறது. பாம்பு விஷம் ரத்தத்தைக் கெடுக்கும் அல்லது நரம்பை முடக்கும். செந்தேளின் விஷமோ நம் காவல்காரனையே நம்மீது ஏவிவிடுகிறது.

மகாட் மருத்துவரும் ஒரு ரத்த அழுத்த மாத்திரையும்

இதைப் படுக்கையருகே இருந்து படித்தவர் மகாராஷ்டிராவின் கொங்கண் பகுதியில், மகாட் ஊரில் இருக்கும் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். 1970களின் பிற்பாதியில் பீர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே தேள் கொட்டி வந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அக்காலத்தில், நிலைமை முற்றி வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைக்கவில்லை. பவாஸ்கர் படுக்கையருகிலேயே உட்கார்ந்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் மணிக்கணக்காகக் குறித்தார். ரத்தக் குழாய்கள் அட்ரினலின் வகைப் பொருட்களால் இறுகிப்போய், அந்த இறுக்கத்தை எதிர்த்து இதயம் தள்ளித் தள்ளிச் சோர்வதுதான் சாவுக்குக் காரணம் என்று அவருக்குப் பிடிபட்டது. அப்படியானால் அந்த இறுக்கத்தைத் தளர்த்தினால் போதுமே?

அதற்கு ஏற்கனவே ஒரு மாத்திரை கடைகளில் இருந்தது. பிரசோசின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் சாதாரண மாத்திரை. ரத்தக் குழாய்ச் சுவரில் நார்-அட்ரினலின் வந்து பற்றிக்கொள்ளும் இடத்தை அது அடைத்துவிடும். 1980களில் அவர் இதை ‘லான்செட்’ இதழில் எழுதினார். இன்று பிரசோசின் நேரத்துக்குக் கிடைத்துவிட்டால் இறப்பு நூற்றில் சில பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 2011இல் ‘பிஎம்ஜே’ இதழில் வந்த அவரது ஆய்வில், மாத்திரையோடு தேள் விஷமுறிவு மருந்தும் பெற்றவர்கள் சராசரியாக 8 மணி நேரத்தில் தேறினார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு 17.7 மணி நேரம் ஆனது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு கிராமத்து மருத்துவர், ஒரு மலிவு மாத்திரை, ஒரு கைக்கடிகாரம். இந்திய மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. நம் பாடப்புத்தகங்களில் ஏனோ இது இல்லை.

மந்திரிக்கப் போவதிலும் வேப்பிலை அடிப்பதிலும் கழிகிற ஒரு மணி நேரம்தான் இதில் ஆபத்தானது. வாந்தி, வியர்வை, சில்லிட்ட கைகால் என இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குழந்தையை நேரே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும்.

ஒரு சங்கிலியின் நான்கு கண்ணிகள்

இத்தனை ஆபத்தான சரக்கை உடம்பு எதற்காக உள்ளேயே வைத்திருக்கிறது? அதை அறிய அது தயாராகும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

கடலை, பருப்பு, முட்டை, பால் எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள புரதம் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றில் ஒன்று டைரோசின். அதன்மேல் இரும்பைத் துணைக்கு வைத்திருக்கும் ஒரு நொதி வேலை செய்ய, அது எல்-டோபா ஆகிறது. எல்-டோபாவிலிருந்து சிறு துண்டு ஒன்று கழன்றால் டோபமின். டோபமினில் வைட்டமின் சியின் உதவியோடு, செம்பு கொண்ட நொதி ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்தால் நார்-அட்ரினலின். அதில் இன்னொரு சிறு ஒட்டு விழுந்தால் அட்ரினலின். அவ்வளவுதான். ஆசையின் வேதிப்பொருள், அச்சத்தின் வேதிப்பொருள் என்று பத்திரிகைகள் எதிரெதிரே நிறுத்துகிற இரண்டும் ஒரே வரிசையில் இரண்டு படி தள்ளி நிற்பவை. டோபமின் மூத்தது. அட்ரினலின் அதன் வழிவந்தது.

எந்த உயிரணு சங்கிலியை எங்கே நிறுத்துகிறது என்பதில்தான் வித்தியாசம். மூளையின் சில நரம்பணுக்களிடம் அடுத்த நொதி கிடையாது. அவை டோபமினோடு நின்றுவிடும். பெரும்பாலான பரிவு நரம்பு முனைகள் நார்-அட்ரினலினில் நிற்கும். அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி மட்டும் கடைசிக் கண்ணிவரை போகும். அந்தக் கடைசி ஒட்டைப் போடும் நொதிக்குக் கார்டிசால் நிறைய வேண்டும். அதே சுரப்பியின் வெளிப்பகுதி கார்டிசாலைச் சுரந்து, உள்பகுதி வழியே வழிந்தோட விடுகிறது. ஆகவே நாலைந்து கிராம் எடையுள்ள ஒரு சுரப்பிக்குள் மேல்வீட்டுக்காரர் கொடுக்காவிட்டால் கீழ்வீட்டுக்காரருக்கு வேலை ஓடாது.

‘டைரோசின் நிறையச் சாப்பிட்டால் டோபமின் பெருகும்’ என்று யூடியூபில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம்ப வேண்டாம். முதல் நொதி கணக்குப் பார்க்கிற நொதி. டோபமின் சேரச் சேர அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அருப்புக்கோட்டைக் கடலையை நாள் முழுக்கக் கொறித்தாலும் ஊக்கம் கூடாது, வயிறுதான் உப்பும். உடம்பிலுள்ள டோபமினில் ஏறத்தாழப் பாதி தயாராவது குடலைச் சுற்றியுள்ள உறுப்புகளில். அந்த டோபமின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவும் முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்கிறது.

அட்ரினலின் வெளியே வந்ததும் என்ன செய்யும் என்பதை ஒவ்வொருவரும் உடம்பால் அறிந்திருப்போம். இதயம் வேகம் பிடிக்கும், மூச்சுக்குழாய் விரியும், கண்பாவை அகலும், ஈரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும், வயிற்றுக்குப் போகிற ரத்தம் தசைக்குத் திரும்பும். சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து அது மறைந்தும்விடும். பேருந்து உரசிக்கொண்டு போனபின் கால் வெடவெடப்பது அதன் மிச்சம். ஹார்மோன்களிலேயே முதன்முதலாகத் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது இதுதான். அமெரிக்காவில் ஆய்வு நடத்திய ஜப்பானியர் ஜோகிச்சி தகாமினே 1901இல் அதை அறிவித்தார்.

அதே அட்ரினலின் கண்ணாடிக் குப்பியில் அடைபட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்துத் தட்டில் உயிர்காப்பானாகவும் இருக்கிறது. ஊசி மருந்தோ குளவிக் கொட்டோ ஒத்துக்கொள்ளாமல் தொண்டை அடைத்து ரத்த அழுத்தம் விழுகிறவருக்குத் தொடைத் தசையில் அரை மில்லிகிராம் போட்டால், நினைவு தப்பியவர் எழுந்து உட்காருவார். பாம்புக்கடிக்குத் தரும் விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதால் அதுவே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இலங்கையில் ஜனக டி சில்வா குழுவினர் 1,007 நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தபோது முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. பாம்புக்கடியில் காவல், தேள்கடியில் எதிரி.

1896 ஜூலை, மதுரை மாடியறை

திருச்சுழி என்றதும் தமிழர்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும். பூமிநாதசுவாமி கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி. தகப்பனார் சுந்தரமய்யர் 1892இல் காலமானபின் பையன் மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தான். சொக்கப்ப நாயக்கன் தெருவிலிருந்த அந்த வீட்டின் மாடியறையில், 1896 ஜூலை நடுவில், பதினாறு வயதில், திடீரென்று மரண பயம் அவனைப் பிடித்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படக் காரணமும் இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

வெளியே ஓர் அச்சுறுத்தலும் இல்லாமல் உயிர்ப்பயம் பாய்வதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். மூளையின் ஆபத்துமணி தானாக அடிக்கும். தண்டுவடம் வழியாக நரம்பு அட்ரினல் சுரப்பியைத் தொடும். நெஞ்சு இடிக்கும். அந்த இடியே ‘சாகப்போகிறோம்’ என்ற எண்ணத்தை உறுதிப்படுத்த, பயம் பயத்தைத் தின்று வளரும். வழக்கமாக இந்த நிலையில் மனிதன் எழுந்து ஓடுவான், ஆளைக் கூப்பிடுவான். வால்டர் கேனன் என்ற ஹார்வர்டு உடலியலாளர் 1915இல் சண்டை, ஓட்டம் என்று இரண்டாகப் பிரித்தாரே, அந்த இரண்டுக்குத்தான் அட்ரினலின் உடம்பைத் தயாராக்குகிறது.

வேங்கடராமன் இரண்டையும் செய்யவில்லை. டாக்டரையோ பெரியவர்களையோ தேடவில்லை. தரையில் படுத்தான். கைகால்களை விறைப்பாக நீட்டி, உதடுகளை இறுக மூடி, மூச்சை அடக்கிப் பிணம் போலக் கிடந்தான். செத்தால் எது சாகிறது என்று கேட்டுக்கொண்டான். ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1இல் திருவண்ணாமலை சேர்ந்தார். 1950 ஏப்ரலில் மறையும்வரை அங்கேயே இருந்தார்.

அந்த மாடியறையில் நடந்தது வெறும் அட்ரினலின் என்று எழுதினால் பக்தர்கள் கோபிப்பார்கள், கோபிக்கவும் வேண்டும். வேதியியலால் முதல் ஓரிரு நிமிடங்களுக்குக் கணக்குச் சொல்ல முடியும். அதற்குப் பிந்திய 54 ஆண்டுகளுக்கு அதனால் முடியாது. உடலியலாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. சுரப்பி கொட்டுவது ஒரே சரக்குதான். அதை வைத்துக்கொண்டு ஓடுவதா, அடிப்பதா, கிடப்பதா என்பதைச் சுரப்பி தீர்மானிப்பதில்லை.

தீச்சட்டி ஏந்துகிறவர்களிடமும் இதைக் காணலாம். விருதுநகர் பங்குனிப் பொங்கலில் சட்டியோடு நடப்பவர்களை யாரும் பயந்தவர்கள் என்று சொல்ல மாட்டார்கள். மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் மானிடவியலாளர் டிமிட்ரிஸ் ஸிகலாடாஸ், பக்தர்களின் உடலில் சிறு கருவி கட்டி, தோல் வியர்ப்பதைக் கொண்டு பதற்றத்தை அளந்தார். காவடி நாளன்று அது மற்ற நாட்களைவிட வெகுவாக ஏறியிருந்தது. பிறகு விசாரித்தால், அதிக அலகு குத்திக்கொண்டவர்களும் நாள்பட்ட நோயோடு இருந்தவர்களும் தங்கள் மனம் கூடுதலாகத் தேறியதாகச் சொன்னார்கள். 2019இல் வெளியான முடிவு இது.

முயல் எழுந்து நின்றது

இனி மூத்தவரைப் பார்ப்போம். டோபமினை ஆய்வகத்தில் 1910இலேயே செய்துவிட்டார்கள். ஆனால் அதற்கென்று தனி வேலை உண்டு என்று யாரும் நினைக்கவில்லை. அட்ரினலினுக்குப் போகிற வழியில் உள்ள ஓர் இடைநிலைப் பொருள் என்றே அரை நூற்றாண்டு கருதினார்கள். அந்த எண்ணத்தை உடைத்ததில் நம் நாட்டு வேர் ஒன்றுக்குப் பங்கு இருக்கிறது.

சர்ப்பகந்தி வேரைப் பாம்புக்கடிக்கும் மனக்கலக்கத்துக்கும் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் போஸ் இருவரும் 1931இல் அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதினார்கள். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதழில் எழுதியபின் உலகமே வாங்கத் தொடங்கியது. அந்த வேரின் சாரமான ரெசர்பினை ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்குக் கொடுத்தார். காது தொங்கி, அசையாமல் கிடந்தன. எல்-டோபா ஊசி போட்டார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்தன. மூளைக்குள் குறைந்ததும் நிறைந்ததும் டோபமின். அசைவதற்கே அது வேண்டும் என்று தெரிந்தது. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் சென்னைக்கும் ஒரு பக்கம் உண்டு. பூனைக்காலியைத் தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். காயின் மேலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும், பிடிக்காதவன் சட்டைக்குள் போடுவதற்கென்றே பறிப்பார்கள். அதன் விதையிலிருந்து எல்-டோபாவைச் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி இருவரும் 1937இல் பிரித்தெடுத்தார்கள். கார்ல்சனின் முயலுக்கு 20 ஆண்டு முன்னால். 1913இலேயே ஐரோப்பாவில் ஓர் அவரை வகையிலிருந்து அதை எடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் மருந்து நம் கையில் இருந்தது, நோய் நம் தெருவில் இருந்தது. இரண்டுக்கும் உள்ள உறவுதான் தெரியவில்லை.

அந்த உறவை வியன்னாவில் ஹார்னிகீவிச் 1960இல் காட்டினார். பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வற்றிப்போயிருந்தது. நடுமூளையில் ஒரு சிறு பகுதி வெறும் கண்ணுக்கே கருப்பாகத் தெரியும். டோபமின் ஆக்சிஜனோடு சேர்ந்து கசடாகி ஆயுள் முழுக்கப் படிந்த நிறம் அது. நம் கரிசல் போலவே, கருப்புதான் அங்கே உயிருள்ள மண்ணுக்கு அடையாளம். பார்க்கின்சன் நோயில் அது வெளுத்துவிடுகிறது. மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் டோபமின் தயாரிப்பவை சில லட்சம் மட்டுமே. அவற்றில் பாதிக்கும் மேல் போனபிறகுதான் வெளியே அறிகுறி தெரியும். அருப்புக்கோட்டைத் தறியில் உட்கார்ந்தவர் யோசிக்காமலே கையும் காலும் மாறி மாறி ஓடுமே, அந்தத் தாளத்தைக் காப்பது இந்தச் சில லட்சம்தான்.

புழுதி விதைப்பு

அப்படியானால் டோபமின் மகிழ்ச்சியின் ஹார்மோன் என்கிறார்களே? அந்தப் பட்டம் பொருந்தாது. அமெரிக்காவில் கென்ட் பெரிட்ஜ் குழுவினர் 1989இல் எலிகளின் மூளையில் டோபமினை ஏறக்குறைய முழுதாக அழித்துப் பார்த்தார்கள். வாயில் இனிப்பை வைத்தால் எலி பழையபடியே ரசித்து நக்கியது. ஆனால் பக்கத்திலிருக்கும் உணவைத் தேடி ஓரடி வைக்கவில்லை. ரசிப்பு போகவில்லை, நாட்டம்தான் போயிற்று. டோபமின் எழுந்து போக வைக்கிற பொருள்.

குரங்குகளிடம் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் கண்டது இன்னும் விசித்திரம். முதலில் பழச்சாறு வாயில் விழும்போது டோபமின் அணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியபின், விளக்கு எரியும்போதே துடித்துவிட்டு, சாறு வந்தபோது சும்மா இருந்தன. சாறு வராமல் போனால் வழக்கத்தைவிடக் கீழே இறங்கின. 2003இல் அவரது குழு இன்னொன்றையும் கண்டது. கிடைக்கவும் கிடைக்காமல் போகவும் சரிபாதி வாய்ப்பு இருக்கும்போதுதான், காத்திருக்கும் நேரத்தில் இந்த அணுக்கள் மிக அதிகமாக விழித்திருக்கின்றன.

மானாவாரிக் காட்டில் புரட்டாசியில் ஈரமே இல்லாத மண்ணில் விதை போடுவதைப் புழுதி விதைப்பு என்பார்கள். பருத்தி, கம்பு, குதிரைவாலி எதுவானாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். பெய்தால் முதல் மழையிலேயே முளைப்பு, பொய்த்தால் விதைக்காசு போச்சு. அடுத்த வருஷமும் அதே ஆள் அதே புழுதியில் விதைக்கிறார். கரிசல் சம்சாரியின் மூளையில் யாரும் மின்முனை வைத்துப் பார்த்ததில்லை, அதனால் குரங்கின் கணக்கை அவர்மேல் ஏற்றுவது அவ்வளவு நேர்மையில்லை. ஆனாலும் நிச்சயமில்லாததை நோக்கி எழுந்து நடக்கிற இந்தக் கருவி மூளையில் இல்லாதிருந்தால் வானம் பார்த்த பூமியில் வேளாண்மை ஏது?

அதே கருவியைத்தான் லாட்டரிச் சீட்டும் ஆன்லைன் ரம்மியும் திருடின. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் தடுத்தது. சட்டம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். மழைக்காகக் காத்திருப்பவனுக்குப் பொய்த்தாலும் மண் மிஞ்சும். ரம்மியில் கடன் மட்டுமே மிஞ்சும்.

பூனைக்காலிச் சூரணம் வாங்குவோருக்கு

நாட்டு மருந்துக்கடையில் பூனைக்காலி விதைப் பொடி கிடைக்கிறது. விதையில் சுமார் 5 சதவீதம் எல்-டோபா இருப்பது உண்மை. லண்டனில் 2004இல் எட்டு நோயாளிகளிடம் செய்த சிறு சோதனையில் அது மாத்திரையைவிட வேகமாக வேலை செய்ததும் உண்மை. ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு மருந்து என்பது விதைக்கு விதை மாறும். ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர் அதோடு இதையும் சேர்த்தால் அளவு மீறிக் குமட்டலும், மனக்குழப்பமும், நிற்காத உடலசைவும் வரும். ‘ஊக்கம் வரும்’ என்று இளைஞர்கள் வாங்கிச் சாப்பிடுவதற்கு அறிவியல் ஆதாரம் போதாது. மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

வீட்டுப் பெரியவரின் ஒரு கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறதா, நடை குறுகுகிறதா, கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகிறதா, முகம் உணர்ச்சி காட்டாமல் இறுகுகிறதா என்று பாருங்கள். ‘வயசாயிருச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. எல்-டோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுப்பது நல்லது. பருப்பிலும் பாலிலும் உள்ள அமினோ அமிலங்கள் மூளைக்குள் போகும் அதே வாசலுக்குப் போட்டியிடும்.